தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்களுக்கு: நெருப்பைவிடத் தண்ணீருக்கும் தூசுக்கும் அஞ்சுங்கள்

கேட்கக் கூடாத சொல்லைக் கேட்டுவிட்டால், காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல இருந்தது என்கிறோம். அவ்வளவு கொடுமையானதாக நம் பேச்சில் நிலைத்துவிட்ட அந்தப் பொருளை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலில், காலில் சிலிப்பரும் கையில் ஒரு பழைய பால் டின்னுமாக உட்கார்ந்து காய்ச்சுகிறவர்களை மலேசியாவின் பினாங்குத் தீவில் நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையிலான கடலில் நீரோட்டம் வேகமெடுக்கும் நேரத்தில் இலேசான குண்டு அடியில் நிற்காது. தெலுக் பகாங் பக்கம் பாறை இடுக்கில் சிக்கிய குண்டு திரும்பி வராது. ஒரே காலையில் ஏழெட்டுக் குண்டுகளை இழக்கும் தூண்டில்காரர், கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று தாமே வார்க்கத் தொடங்குவது இயல்புதான்.

அப்படி வார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உருகிய ஈயத்தின் சூட்டைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சமே அவர்களுடைய கையை ஓரளவுக்குக் காப்பாற்றிவிடுகிறது. தண்ணீரையும் தூசையும் கண்டு அஞ்சுகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு நொடியில் கண்ணைப் பறித்துவிடும். தூசு ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வேலை செய்யும், அதுவும் வார்த்தவரைவிட அவர் வீட்டுக் குழந்தையிடம் கூடுதலாக. கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் விலக்கி வைப்பதற்கானவை.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு நிற்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். தூண்டில் குண்டு காரீயம். மலாயிலும் இதே நிலைதான்: தீமா என்பது வெள்ளீயம், தீமா ஈத்தாம் என்பது காரீயம், ஆனால் பேச்சில் இரண்டும் தீமாவாகவே சுருங்கிவிடும். டத்தோ கெராமாட் சாலையிலும் பட்டர்வொர்த்திலும் வெள்ளீய உருக்காலைகள் நடந்த ஊர் என்பதால் நம்மிடையே இந்தக் குழப்பம் சற்றுக் கூடுதலாகவே உண்டு. “எங்கள் பாட்டி ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தார், அவருக்கு என்ன ஆயிற்று?” என்று என்னிடம் வாதிட்டவர் ஒருவர் அல்லர். பாட்டியின் சொம்பு வேறு, நம் கையில் இருப்பது வேறு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், காரீயம் 327 பாகையைத் தாண்டித்தான் உருகும். காரீயத்தை நகத்தால் கீறினாலே கோடு விழும், காகிதத்தில் இழுத்தால் சாம்பல் நிறத் தடம் பதியும். அந்தச் சோதனையைச் செய்தவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய கூரைத் தகடு, முக்குளிப்பவர்களின் இடுப்புக்கட்டிகள், டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய அடிக்கும் எடைக்கட்டிகள், கடலிலிருந்து மீட்ட பழைய குண்டுகள் ஆகியவைதான் பொதுவாக நமக்குக் கிடைப்பவை. ஒவ்வொன்றையும் அடுப்புக்குப் போகும் முன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். டயர் கடைக் கட்டிகள் இப்போது பெரும்பாலும் இரும்பாலோ துத்தநாகத்தாலோ ஆனவை. அவற்றின் மேல் பொறித்திருக்கும் குறியைப் பார்த்துப் பிரிக்கலாம். தவறிக் கலந்துவிட்டாலும், துத்தநாகம் 419 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், ஈயத்தை 400 பாகைக்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். சூட்டைக் கூட்டிவிட்டால் அது ஈயத்தோடு கலந்து, கஞ்சி போல் கட்டிகட்டியாகி, அச்சின் மூலைகளுக்கு ஓட மறுக்கும். பெயின்ட் அடித்த, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுகளிலிருந்து உறையை முதலில் உரித்துவிட வேண்டும். எரியும் பிளாஸ்டிக்கின் புகை தனி நஞ்சு.

மடித்த தகடு, இரு முனையும் நசுங்கி மூடிய குழாய்த் துண்டு, உள்ளே துளை உள்ள கடல் குண்டு ஆகிய மூன்றும் தம் வயிற்றில் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கும். தகட்டை விரித்துவிடுங்கள். குழாயின் முனையை வெட்டித் திறந்துவிடுங்கள். கடல் குண்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் சில நாள் உலர்த்துங்கள். அதற்குப் பிறகும் அவற்றை முழுவதும் உலர்ந்தவை என்று நம்பாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கார் பேட்டரியை எந்த நிலையிலும் உடைத்து உருக்காதீர்கள். அதற்குள் கந்தக அமிலம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் தகடுகளில் ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் கலந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அவற்றை உருக்கி எடுத்த கசடில் ஈரம் பட்டால் மணமே காட்டாமல் ஆளைக் கொல்லக்கூடிய வாயு உண்டாகலாம். பயன்படுத்திய ஈய பேட்டரி, மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளில் தனி எண் கொடுத்துப் பட்டியலிடப்பட்ட பொருள். உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே அது போய்ச் சேர வேண்டும். இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை.

இடமும் நாளும்

பிளாட்டில் குடியிருப்பவர் பிளாட்டில் வார்க்கக் கூடாது. பால்கனியிலோ, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பொது நடைபாதையிலோ, மூடிய ஸ்டோர் அறையிலோ, ஜன்னலைத் திறந்து வைத்த சமையலறையிலோ இதற்குப் பாதுகாப்பான ஒரு மூலையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தரை வீடு உள்ள நண்பரிடம் கேளுங்கள். அவர் வீட்டில் சிறு பிள்ளைகளோ கருவுற்ற பெண்ணோ இருந்தால் அங்கேயும் வேண்டாம்.

மேலே கூரையும் பக்கங்களில் திறந்த வெளியும் உள்ள கொட்டகை நல்லது. வெட்ட வெளியில் பினாங்கு மழையை நம்ப முடியாது. செப்டம்பர், அக்டோபரில் வானம் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், ஓர் ஆண்டுக்கு வேண்டிய குண்டுகளைச் சனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட நாள்களில் ஒரே மூச்சில் வார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்த்து, அது உங்கள் முதுகைத் தொட்டுவிட்டு அடுப்பைத் தாண்டிப் போகும்படி நில்லுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் கொடியில் காயும் துணியும் அந்தக் காற்றின் வழியில் இருக்கக் கூடாது.

தரையையும் கவனிக்க வேண்டும். சிமெண்டுத் தரை உலர்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். அதன்மேல் உருகிய ஈயம் கொட்டினால் சிமெண்டு பொரிந்து வெடித்து ஈயத்தையும் சேர்த்துத் தெறிக்க வைக்கும். அகலமான இரும்புத் தட்டு ஒன்றில் நன்றாக உலர்ந்த மணலைப் பரப்பி, அடுப்பையும் அச்சையும் அதற்குள்ளேயே வையுங்கள். சிந்தினால் மணலிலேயே உறைந்துவிடும், பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

சட்டியும் அடுப்பும்

பால் டின்னுக்கு வருகிறேன். 300 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு சிறிய டின்னைத் தண்ணீரால் நிரப்பினால் கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஈயத்தால் நிரப்பினால் ஏறத்தாழ 3.4 கிலோ இருக்கும். அந்த மெல்லிய தகட்டின் விளிம்பை ஒரு குறட்டால் கவ்வித் தூக்கும்போது, 350 பாகைச் சூட்டில் உள்ள மூன்றரைக் கிலோவை ஒரு காகித விளிம்பில் தூக்குவதற்கு ஒப்பான வேலையைத்தான் செய்கிறோம். விளிம்பு வளையும், அல்லது டின்னின் பொருத்து பிளந்து கொட்டும். அலுமினியச் சட்டியும் வேண்டாம். 660 பாகையில்தான் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே சூட்டில் தளர்ந்து கனம் தாங்காமல் போய்விடும்.

வார்ப்பிரும்புச் சட்டி, அல்லது பற்றவைத்த கனமான எஃகுப் பாத்திரம்தான் வேண்டும். வார்ப்பதற்கென்றே விற்கும் மின்சாரச் சட்டி வாங்க முடிந்தால் அதுவே மேல், ஏனெனில் அதில் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு திருகு இருக்கும். ஸ்டீம்போட் சாப்பிடும்போது மேசையில் வைக்கும் தட்டையான கேஸ் அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். அதன் கால்கள் இவ்வளவு கனத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அகன்ற சட்டியின் சூடு பக்கத்திலேயே இருக்கும் கேஸ் குப்பியின் மேல் திரும்பி அதை வெடிக்கச் செய்யவும் கூடும். கனமான இரும்புக் கால்களும், நீளமான குழாய்க்கு அப்பால் தள்ளி வைத்த கேஸ் சிலிண்டரும் உள்ள அடுப்பே பொருத்தம். அடுப்பை ஏற்றும் முன், வெறும் சட்டியில் உலர்ந்த ஈயக்கட்டிகளை அடுக்கி, கையால் இலேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அந்த அடுப்பு வேண்டாம்.

ஒருமுறை ஈயத்தைத் தொட்ட பாத்திரம் இனிமேல் ஒருபோதும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மீந்த ஈயத்தை ஊற்றிக் கட்டியாக்கக் குழிப்பணியாரச் சட்டி அருமையாக உதவும் என்பதை நம்மில் பலர் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆபத்தும் அங்கேதான். என் பணியாரச் சட்டியின் கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, நடுக்குழியின் அடியில் ஒரு துளையும் போட்டு வைத்திருக்கிறேன். நான் வீட்டில் இல்லாத நாளில் யாராவது அதைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்தாலும், ஊற்றிய மாவு கீழே ஒழுகி உண்மையைச் சொல்லிவிடும்.

உடை

கண்ணாடியும் அதன் மேல் முழு முகக் கவசமும், முழங்கை வரை வரும் தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ், தோல் முன்னங்கி. காற்சட்டையின் அடிப்பகுதி பூட்சுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் தெறித்த ஈயம் நேராகப் பூட்சுக்குள் இறங்கும், அப்போது பூட்சைக் கழற்றும் வரை அது காலோடு இருக்கும். பாலியஸ்டர் ஜெர்சி கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வெப்பத்தில் இவ்வளவையும் போட்டுக்கொண்டு நிற்பது சிரமம்தான். அதனால்தான் காலை ஏழு மணிக்கே தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன். நெற்றியில் ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டால் வியர்வை சட்டியில் சொட்டாது.

முகமூடி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு கடையில் எனக்கு “ஈயப் புகைக்கு இது போதும்” என்று கொடுத்தது சாதாரண மருத்துவ முகமூடி. துணி முகமூடிக்கும் மருத்துவ முகமூடிக்கும் இந்த வேலையில் மதிப்பில்லை. மூக்கையும் வாயையும் இறுக மூடும் ரப்பர் முகமூடியில், பி100 அல்லது பி3 என்று குறித்த வடிகட்டி பொருத்தியது வேண்டும். தாடி இருந்தால் விளிம்பில் காற்று புகும்.

உருக்குதல்

பத்து மாவுங் என்ற ஊரில் ஒரு நண்பரின் வீட்டுக் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன். சட்டியில் ஈயம் பளபளவென்று உருகி நின்றது. இன்னும் நாலு குண்டு தேறும் என்று, முந்தின நாள் கடலில் மீட்டெடுத்த பழைய குண்டு ஒன்றை நான் குறட்டால் பிடித்து உள்ளே போட்டேன். வெளியே உலர்ந்துதான் இருந்தது. அது மூழ்கி ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பட்டாசு போல் ஒரு சத்தம், அவ்வளவுதான், சட்டியில் பாதி காணவில்லை. முகக் கவசத்தில் மூன்று இடங்களில் வெள்ளிப் பொட்டு ஒட்டியிருந்தது. கொட்டகையின் தகரக் கூரையில் அன்று அப்பிய ஈயம் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், வாழ்நாளெல்லாம் வலைக்குக் குண்டு வார்த்தவர், வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, அது துளை வச்ச குண்டா?”

துளைக்குள் இருந்த உப்புநீர்தான் காரணம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. ஒரு மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டு, ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீராவியாகிறது. உருகிய ஈயத்தின் மேல் விழும் துளி பெரும்பாலும் சீறிக்கொண்டு மேலேயே ஆவியாகிவிடும். ஈயத்துக்கு அடியில் அகப்பட்ட துளிக்குப் போக்கிடம் இல்லை, மேலே இருக்கும் ஈயத்தையெல்லாம் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியேறும். மேலே விழுந்தால் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எந்தத் துளி எந்த வழியில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் விதி: எல்லா ஈயத்தையும் குளிர்ந்த சட்டியில் போட்டு, அதன் பிறகு அடுப்பை ஏற்றுங்கள். ஈயம் உருகுவதற்கு வெகு முன்பே, நூறு பாகையைத் தாண்டும்போது, அதில் ஒளிந்திருக்கும் ஈரம் யாருக்கும் தீங்கில்லாமல் ஆவியாகி வெளியேறிவிடும். இளந்தணலில் தொடங்கி, அவசரப்படாமல் சூட்டைக் கூட்டுங்கள். சட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இரண்டாவது விதி: உருகிய ஈயத்துக்குள் போகும் எதுவும் சூடாக இருக்க வேண்டும். கரண்டி, கிளறும் கம்பி, குறடு எல்லாவற்றையும் தீயின் ஓரத்தில் முன்கூட்டியே காய வைத்த பிறகே உள்ளே விடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்தே இருக்கும். நடுவில் புதிதாக ஈயம் சேர்ப்பதைத் தொடக்கநிலையினர் அறவே தவிர்ப்பது நல்லது. இருப்பதை வார்த்து முடித்து, சட்டி ஆறிய பிறகு அடுத்த தொகுதியைத் தொடங்கலாம்.

குண்டுக்கு 370 முதல் 400 பாகை வரையிலான சூடு போதும். ஈயத்துக்குள் முனையை நுழைத்து அளக்கும் வெப்பமானி வாங்குங்கள். தூரத்திலிருந்து சுட்டி அளக்கும் கருவி பளபளக்கும் ஈயத்தின் முன் ஏமாந்து, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஏறத்தாழ 480 பாகையைத் தாண்டினால் ஈய ஆவி கவலைப்பட வேண்டிய அளவுக்கு எழத் தொடங்கும். கசடு அள்ளிய பின் தெரியும் கண்ணாடி போன்ற பரப்பில் பொன்னிறமும் நீலமும் மாறிமாறி ஓடுவதைப் பார்த்து மயங்கி நின்றிருக்கிறேன். அழகுதான், ஆனால் தீயைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி அது.

மேலே திரளும் சாம்பல் நிறக் கசடில் பாதி நல்ல ஈயத்தின் துருவே. பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டால் புகையும். நீளமான லைட்டரால் அந்தப் புகைக்குத் தீ வைத்துவிட்டு, தள்ளி நின்று, காய்ந்த கரண்டியால் மெல்லக் கிளறினால் துருவில் ஒரு பங்கு மீண்டும் ஈயமாகிக் கீழே இறங்கும். மிஞ்சுவது பொடிப்பொடியான கசடு. இந்த வேலை முழுவதிலும் உடம்புக்கு மிகவும் கேடான பொருள் அதுவே. அதைச் சட்டி ஓரத்தில் தட்டாமல், ஊதாமல், மூடியுள்ள இரும்பு டின்னுக்குள் மெதுவாக இறக்குங்கள்.

வார்த்தல்

அலுமினியத்தால் செய்த இரட்டை அச்சுகளே பாதுகாப்பானவை. ஈர மணலில் குழி அழுத்தி வார்க்கும் பழைய முறையும், மூங்கில் துண்டில் ஊற்றும் முறையும் தெறிப்பை விருந்துக்கு அழைப்பவை. பாரிஸ் சாந்தில் செய்த அச்சு கல்லாகக் காய்ந்திருந்தாலும், அந்தச் சாந்தின் கட்டமைப்பிலேயே நீர் பிணைந்திருக்கிறது. ஈயத்தின் சூடு பட்டதும் அது விடுபட்டு வெளியே வரும். முதல் வார்ப்பு நன்றாக வந்தது என்பதற்காக அதை நம்பிவிட முடியாது.

அச்சின் இரு பாதிகளையும் சட்டியருகே பதினைந்து நிமிடமாவது சூடேற்றுங்கள். மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உட்பக்கத்தில் இலேசாகக் கரி படியவிட்டால் ஈயம் சுருக்கமில்லாமல் ஓடும். நூல் கட்டுவதற்கான சுழலியையோ கண்ணிக் கம்பியையோ அச்சில் வைக்கும்போது அதுவும் உலர்ந்திருக்கட்டும். அச்சை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போடுங்கள். ஒரு கையால் அச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊற்றும் சாகசம் வேண்டாம். கரண்டியில் குண்டுக்குத் தேவையான அளவுக்குச் சற்று மேலாக மட்டும் அள்ளுங்கள். 100 கிராம் குண்டு என்பது ஒன்பது மில்லிலிட்டர் ஈயம்தான், இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. குழம்புக் கரண்டி நிறைய அள்ளத் தேவையே இல்லை. அச்சின் வாயருகே கரண்டியைக் கொண்டுபோய், நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, வாய் நிறைந்ததும் நிறுத்துங்கள். முகத்தை அச்சுக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று குண்டுகள் சுருங்கியோ பாதியாகவோ வரும். அச்சு இன்னும் போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள். சட்டியின் சூட்டைக் கூட்ட வேண்டியதில்லை. பழுதானவற்றை அப்படியே ஒதுக்கி வைத்து அடுத்த தொகுதிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அச்சைச் சீக்கிரம் ஆற்றத் தண்ணீரில் நனைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஊற்றில் அந்தத் தண்ணீர் உங்களைத் தேடி வரும்.

வேலை முடியும்போது சட்டியில் மிஞ்சிய ஈயத்தை அப்படியே உறையவிடாதீர்கள். அடுத்த முறை அடியிலிருந்து சூடேறும்போது கீழே உருகி விரியும் ஈயம், மேலே இன்னும் உறைந்திருக்கும் ஆடையைப் பிளந்துகொண்டு பீறிடலாம். காய வைத்த பணியாரச் சட்டியில் ஊற்றிச் சிறு கட்டிகளாக்கிவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஈயம் நெடுநேரம் சூடாக இருக்கும்; வெள்ளியாகப் பளபளக்கும் உறைந்த ஈயத்துக்கும் ஆறிய ஈயத்துக்கும் கண்ணால் வேறுபாடு சொல்ல முடியாது. அதனால் முழுவதும் ஆறும்வரை யாராவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்

குண்டுகளின் பிசிறை அரத்தால் தேய்க்காதீர்கள், தூசு பறக்கும்; கத்தரிக் குறட்டால் வெட்டி, வெட்டிய துணுக்குகளையும் சட்டிக்கே சேர்த்துவிடுங்கள். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கவோ வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது, இரண்டும் தூசைக் காற்றில் ஏற்றிவிடும். எல்லாம் ஆறிய பிறகு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். கசடு டின்னைச் சாக்கடையிலோ வாழை மரத்தடியிலோ கொட்டாமல், ஈயக் கழிவு எடுக்கும் பழைய சாமான் வியாபாரியைக் கேட்டு அவரிடம் கொடுங்கள்.

வார்க்கும்போது கோப்பி, சிகரெட், வெற்றிலை எதுவும் கூடாது. வார்த்த உடையிலேயே சோபாவில் சாய்வதும் பேரப்பிள்ளையைத் தூக்குவதும் கூடவே கூடாது. நம் ஊரில் காலணியை வாசலிலேயே விடும் நல்ல பழக்கம் இருக்கிறது. அன்று உடையையும் வாசலுக்கு அருகிலேயே களைந்து, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, தலைக்குக் குளித்த பிறகே உள்ளே போய் உட்காருங்கள்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்றால், ஈயத்தில் இன்ன அளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளரும் பருவம். கருவுற்ற பெண்ணின் உடலில் சேர்ந்தது கருவுக்கும் போகும். இரத்தத்தில் கலந்தது மாதக்கணக்கில் குறையும் என்றாலும், எலும்பில் தங்கியது பல பத்தாண்டுகள் நீடிக்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, காரணமில்லாத சோர்வு, எரிச்சல் என்று வரும் அறிகுறிகளை யாரும் ஈயத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை. அடிக்கடி வார்ப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் வழிகாட்டியிருக்கிறது. தேசிய நச்சு மையம் நம் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இயங்குகிறது.

தீக்காயம் பட்டால்

வேலை தொடங்கும் முன்பே, சட்டியிலிருந்து நாலைந்து எட்டு தள்ளித் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் வாளித் தண்ணீர் கூடாது. தீயணைக்க உலர் பொடி அணைப்பான் மட்டுமே. தனியாக வார்க்காதீர்கள், கூட ஒருவர் கைப்பேசியோடு இருக்கட்டும்.

ஈயம் தோலில் பட்டால் சட்டியை விட்டு விலகிப் போய், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டி உறைந்த ஈயத்தைப் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும், அதை மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளட்டும். பற்பசை, கிச்சாப், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிய காயமானாலோ, தாமதிக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

கரையில்

குண்டு வார்த்து முடிந்ததோடு ஈயத்துடனான உறவு முடிந்துவிடுவதில்லை. தூண்டில் பெட்டியில் கிடக்கும் குண்டுகளின் மேல் நாளடைவில் வெள்ளைச் சாம்பல் படியும். அதுவும் ஈயத் தூசுதான். புதிய குண்டுகளுக்கு பெயின்ட் அடித்து வைத்தால் அது கையில் ஒட்டாது. பிளவுபட்ட சிறு குண்டை நூலில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை என் தலைமுறையில் விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சிறு குறடு சட்டைப்பையில் இருந்தால் போதும். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், கடல் தண்ணீரில் அலசுவது போதாது. சிறிய ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மாண்டதால் பிரிட்டன் 1987இலேயே அவற்றின் விற்பனையைத் தடை செய்தது.

பாறை நிறைந்த இடத்துக்கு நான் இப்போது ஈயத்தை எடுத்துப் போவதே இல்லை. ஹார்ட்வேர் கடையில் எடைக்கு விற்கும் பெரிய இரும்பு நட்டுகளையும், மெக்கானிக் தூக்கி எறியும் பழைய ஸ்பார்க் பிளக்குகளையும், முதன்மை நூலைவிட மெல்லிய நூலில் கட்டி இறக்குகிறேன். பாறையில் சிக்கினால் மெல்லிய நூல் அறுந்து நட்டு மட்டும் போகும். மீனும் தூண்டிலும் மேலே வரும். தூண்டில் பிடிக்கக் கற்கும் என் பேரனின் பெட்டியில் இருப்பதும் அந்த நட்டுகள்தான். பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும் நாளுக்காக மட்டும், சனவரியில் வார்த்து, பெயின்ட் அடித்த இருபது குண்டுகளைத் தனி டப்பாவில், பையனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.